ஊரில் கார் வாடகைக்கு எடுக்கும்போது காப்புறுதி வாங்குவதா, விடுவதா?

2023இல் யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து குடும்பமாகப் போயிருந்தோம். கோண்டாவிலில் சித்தியின் மகனுக்குத் தெரிந்த ஒருவரிடம் பன்னிரண்டு நாளுக்கு ஒரு கார் எடுத்தோம். காசைக் கையில் கொடுத்து, கடவுச்சீட்டின் பிரதி ஒன்றையும் கொடுத்துத் திறப்பை வாங்கினோம். "இன்சூரன்ஸ் இருக்கோ அண்ணை?" என்று கேட்டேன். "ஓம் தம்பி, புல் இன்சூரன்ஸ்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆறாம் நாள் மருதனார்மடம் சந்தியில் ஒரு லொறி இடித்து முன்பக்கம் நசுங்கியபோதுதான், நான் கேட்ட கேள்வி போதாது என்று தெரிந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பார்க்க வந்த காப்புறுதிக்காரர், கார் வாடகைக்கு வந்தது என்று தெரிந்ததும் பேனையை மூடிவிட்டார். காப்புறுதி சொந்தப் பாவனைக்கு மட்டும் எடுத்தது. முழுச் செலவும் என் தலையில் விழுந்தது.

ஊருக்குப் போகிற எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இதே நிலையில்தான் கார் எடுக்கிறார்கள். அதனால்தான் விபரமாக எழுதுகிறேன்.

இலங்கையில் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாகனம் வீதிக்கு வரக்கூடாது. ஆனால் அது நீங்கள் இடித்த ஆளுக்கானது. நீங்கள் ஓட்டும் காருக்கு அதில் ஒரு சதமும் வராது. காரின் சேதத்துக்கும் பணம் வரவேண்டும் என்றால் முழுக் காப்புறுதி வேண்டும். அந்த முழுக் காப்புறுதியையும், வாகனம் எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள்: சொந்தப் பாவனை, சாரதியோடு ஹயர் ஓடுவது, சாரதி இல்லாமல் வாடகைக்கு விடுவது. மூன்றுக்கும் கட்டணம் வேறு. வாடகைக்கு விடும் வாகனத்துக்குக் கட்டணம் கூட. வீட்டுக் காரை இடைக்கிடை வெளிநாட்டுக்காரருக்குக் கொடுக்கும் பலர் சொந்தப் பாவனைக் காப்புறுதியோடுதான் கொடுக்கிறார்கள். சிலருக்கு வித்தியாசமே தெரியாது. எனக்குக் கார் தந்தவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி "புல் இன்சூரன்ஸா?" என்பதல்ல. "வாடகைக்கு விடலாம் என்று அதில் இருக்கிறதா?" என்று கேளுங்கள். காப்புறுதிப் பத்திரத்தை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாவனை என்ன, முடிவு திகதி என்ன, வாகன இலக்கம் சரியா என்று பாருங்கள். தெரிந்த ஆளிடம் இதைக் கேட்பது சங்கடம்தான். எனக்கும் அந்தச் சங்கடம் இருந்தது. ஆனால் அடிபட்ட பிறகு காசு கதைப்பது அதைவிடப் பெரிய சங்கடம், உறவே முறிந்துபோகும்.

"என்னுடைய கிரெடிட் கார்டில் வாடகைக் கார் காப்புறுதி இருக்கிறதே" என்று கனடாவில் இருப்பவர்கள் சொல்வார்கள். இருக்கிறது, ஆனால் நிபந்தனைகளோடு. வாடகை முழுவதையும் அந்தக் கார்டிலேயே கட்டியிருக்க வேண்டும். கார் கொடுப்பவர் வாடகைத் தொழில் செய்யும் நிறுவனமாக இருக்க வேண்டும். உங்கள் பெயரில் எழுதிய ஒப்பந்தம் வேண்டும். வாடகை நிறுவனம் தரும் சேதக் காப்பை நீங்கள் மறுத்திருக்க வேண்டும். நாள் கணக்கில் ஓர் எல்லையும் இருக்கும். பல கார்டுகளில் 48 நாள், சிலவற்றில் 31. இப்போது யோசித்துப் பாருங்கள்: கோண்டாவிலில் கையில் காசு கொடுத்து, ஒப்பந்தம் இல்லாமல், ஒரு வீட்டுக்காரரிடம் எடுத்த காருக்கு இதில் எது பொருந்தும்? பெரிய குடும்பங்கள் எடுக்கும் வான்களைப் பல கார்டுகள் சேர்ப்பதே இல்லை. லண்டனில் இருப்பவர்கள் தனியாக வாங்கும் எக்ஸஸ் காப்புறுதியும் (சேதத்தில் நாங்கள் முதலில் கட்டவேண்டிய பங்குக்கான காப்பு) அப்படித்தான்: அடியில் ஒரு முறையான வாடகைக் காப்பு இருந்தால்தான் அது மேலே நிற்கும். இன்னொன்று, கார்டு தருவது காரின் சேதத்துக்கு மட்டும். நீங்கள் இடித்த மோட்டார் சைக்கிள்காரருக்கு அதிலிருந்து ஒன்றும் போகாது.

கொழும்பிலோ கட்டுநாயக்கவிலோ ஒரு வாடகை நிறுவனத்திடம் எடுத்தால் கணக்கு வேறு. அங்கே பெரும்பாலும் காப்புறுதி நாள் வாடகைக்குள்ளேயே இருக்கும், ஆனால் எக்ஸஸ் என்று ஒரு தொகை இருக்கும்: சேதத்தில் முதலில் நாங்கள் கட்டவேண்டிய பங்கு. கூடுதலாகக் கொஞ்சம் கட்டினால் அதைக் குறைப்பார்கள். வாங்குவதா விடுவதா என்ற கேள்வி உண்மையில் இந்த இடத்தில்தான் வருகிறது. உதாரணத்துக்கு, எக்ஸஸ் 150,000 ரூபாய், குறைப்பதற்கு நாளுக்கு 2,000 ரூபாய், பத்து நாள் என்று வையுங்கள். 20,000 ரூபாய் கொடுத்து 150,000 ரூபாய் ஆபத்தைக் குறைக்கிறீர்கள். ஊர் வீதி பழக்கம் இல்லாதவருக்கு நான் வாங்கச் சொல்வேன். எங்கள் ஒழுங்கைகள் ஒடுக்கம், இரண்டு பக்கமும் மதில். கேற்றுக்குள் காரைத் திருப்பும்போது உரசுவது எளிது. கனடா, ஐரோப்பாவிலிருந்து வருபவருக்கு இடது பக்கம் ஓட்டுவதும் சேரும். ஏ9 வீதியில் மாங்குளம், கிளிநொச்சிப் பக்கம் இரவில் மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும். உங்கள் கார்டின் நிபந்தனைகளை வாசித்து, எல்லாம் பொருந்துகிறது என்று கார்டு நிறுவனம் எழுத்தில் சொல்லியிருந்தால் மட்டும் விடுங்கள். வாங்கினாலும் டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி பல ஒப்பந்தங்களில் சேராது. கேட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் எதிர்பாராத இரண்டு செலவுகள் உண்டு. ஒன்று, கார் கராஜில் நிற்கும் நாட்களுக்கான வாடகை. எனக்கு ஒன்பது நாள் கேட்டார்கள். இரண்டாவது, நோ கிளெய்ம் போனஸ். காப்புறுதி நிறுவனத்திடம் பணம் கேட்டால் அடுத்த வருடம் உரிமையாளரின் கழிவு குறையும். அதனால் சின்ன அடி என்றால் "கிளெய்ம் வேண்டாம், கையில தாங்கோ" என்பார்கள். அது நியாயமில்லாத பேச்சும் அல்ல. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது, இடையில் பழைய கார்களின் விலையும் மேலே போய்விட்டது, காரைப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். இந்த இரண்டையும் யார் கட்டுவது, எவ்வளவு வரை என்று திறப்பை வாங்கும்போதே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். அந்தத் தாளில் ஓட்டுபவர்களின் பெயரும் இருக்கட்டும். மச்சான் ஒரு நாள் ஓட்டுவான் என்றால் அவன் பெயரும் வேண்டும்.

எந்தக் காப்புறுதியும் நிற்க உங்கள் சாரதி அனுமதிப்பத்திரம் செல்ல வேண்டும். வெளிநாட்டு லைசென்ஸை மட்டும் காட்டி ஓட்ட முடியாது. சர்வதேச அனுமதிப்பத்திரம் கொண்டுபோனால் கொழும்பில் இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் அதை உறுதிப்படுத்த வேண்டும். இல்லையென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டி அடிபட்டால், எவ்வளவு காசு கட்டி வாங்கிய காப்பும் கைகொடுக்காது. குடித்துவிட்டு ஓட்டினாலும் அப்படியே.

இரண்டு கிழமைக்குக் குறைவாக நிற்பவர்களுக்கு என் யோசனை, சாரதியோடு எடுங்கள். அப்போது காரின் பொறுப்பு அவர்களுடையது. அங்கேயும் ஹயருக்குக் காப்புறுதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். உங்கள் வைத்தியச் செலவுக்குப் பயணக் காப்புறுதி தனியாக வேண்டும்.

அடிபட்டால்: காயம் இருந்தால் முதலில் 1990, இலவச அம்புலன்ஸ். அப்புறம் பொலிஸுக்கு 119. பிறகு காப்புறுதி அட்டையில் உள்ள இலக்கத்துக்கு அந்த இடத்தில் நின்றே எடுங்கள். ஆள் வந்து பார்க்கும்வரை, பொலிஸ் சொன்னால் தவிர, காரை அசைக்க வேண்டாம். ஆளுக்குக் காயம் என்றால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். காப்புறுதி பணத்தைத்தான் பார்க்கும், அந்த வழக்குக்கு நீங்கள்தான் நிற்க வேண்டும். விமானம் ஏறும் திகதி நெருங்கியிருந்தால் உடனே ஒரு சட்டத்தரணியிடம் கதையுங்கள்.

போன வருடம் போனபோது வாடகைப் பாவனைக் காப்புறுதி உள்ள காரைத் தேட மூன்று நாள் பிடித்தது, வாடகையும் கொஞ்சம் கூட. எடுக்கும்போது பம்பர், கதவுகள், சில்லுகள், பழைய கீறல்கள் எல்லாவற்றையும் உரிமையாளர் பக்கத்தில் நிற்க வீடியோ எடுத்தேன். திருப்பிக் கொடுக்கும்போது அதே வீடியோவை இருவரும் பார்த்தோம். டிப்பாசிட்டை அந்த இடத்திலேயே எண்ணித் தந்தார்.