உயில் எழுத உட்காரும்போது சாட்சியை முதலில் யோசியுங்கள்

பத்திரம் எழுதுவது என் தொழில். உயில் எழுத வருபவர்கள், "எத்தனை ரூபாய் முத்திரைத்தாள் வாங்கணும்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். பதிவும் கட்டாயமில்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது உங்கள் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும்தான்.

அந்தச் சாட்சிகள்தான் எனக்குக் கவலை. உயில் நீதிமன்றத்துக்குப் போனால், அவர்களில் ஒருவராவது வந்து "என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டார்" என்று சொல்ல வேண்டியிருக்கும். எழுபது வயதுப் பெரியவர் தன் வயதொத்த நண்பர்கள் இருவரைக் கூட்டி வந்தால், வேறு ஆள் பாருங்கள் ஐயா என்றுதான் சொல்வேன். உங்களைவிட இளையவராக, தேடினால் கிடைக்கக்கூடியவராக, உயிலால் எந்தப் பலனும் பெறாதவராக இருக்க வேண்டும்.

அப்புறம் சொத்து விவரம். "வீடு பெரியவனுக்கு, நிலம் சின்னவளுக்கு" என்று எழுதினால் எந்த வீடு, எந்த நிலம் என்பதிலேயே சண்டை வரும். மூலப்பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள். பூர்வீகச் சொத்து என்றால் உங்கள் பங்கை மட்டுமே எழுதலாம். வங்கிக் கணக்கையும் விடாதீர்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள்தான், அதனாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார்.

"மனைவி ஆயுள் வரை அனுபவித்து, பிறகு பிள்ளைகள் அடைய வேண்டியது" என்று பலர் எழுதச் சொல்கிறார்கள். எனக்கு இது பிடிப்பதில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டி வந்தால், அந்த அம்மா பிள்ளைகளின் கையெழுத்துக்குக் காத்து நிற்பதா? முழு உரிமையோடு கொடுங்கள். மனம் ஒப்பவில்லையா, சரி, விற்கவும் அடமானம் வைக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்பதையாவது தெளிவாக எழுதுங்கள். பட்டியலில் விடுபட்டதும் இனி வாங்கப்போவதும் யாருக்கு என்று ஒரு வரியும் சேருங்கள்.

கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். உடல்நிலை சரியில்லாதவர் என்றால், தெளிந்த நினைவோடு இருக்கிறார் என்று அதே நாளில் ஒரு மருத்துவரிடம் சான்று வாங்கி வையுங்கள். பின்னால் மனம் மாறினால் புதிதாக எழுதலாம். அதில் பழைய உயிலின் தேதியைச் சொல்லி, அதை ரத்து செய்வதாக எழுதுங்கள். அதற்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும்.