பெட்டியோடு நகருக்குள் போகிறீர்களா? முதலில் படிக்கட்டைப் பாருங்கள்

விமான நிலையத்திலிருந்து நகரின் நடுப்பகுதிக்கு ரயிலா, டாக்சியா என்று முடிவெடுக்கும்போது பெரும்பாலோர் கட்டணத்தையும் நேரத்தையும் மட்டுமே பார்க்கிறார்கள். கையில் பெரிய பெட்டி இருந்தால் படிக்கட்டுதான் முக்கியம். பழைய மெட்ரோ நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. அப்படியே லிஃப்ட் இருந்தாலும் ஏதாவது ஒரு வாசலில் மட்டும் இருக்கும். அது எந்த வாசல் என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இடையில் இறங்கி மாறுவதைவிட, பத்து நிமிடம் கூடுதலானாலும் ஒரே ரயிலில் போவது மேல்.

எனக்குப் பிடித்தது கலப்பு வழி: நெரிசலைத் தாண்டும்வரை ரயில், கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு டாக்சி. நான்கு பேராகப் போனால் நேரே டாக்சியே மலிவாக முடியலாம். வாசலிலேயே பெட்டியைப் பிடுங்க வரும் 'உபகாரி'களைத் தவிர்த்து, அங்கீகரிக்கப்பட்ட டாக்சி வரிசைக்குச் செல்லுங்கள்.

இரவில் இறங்குபவர்கள் கடைசி ரயிலைக் கணக்கிடும்போது, பெட்டி வந்து சேரும் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். தங்குமிட முகவரியை உள்ளூர் மொழியில் படமாகச் சேமித்து வையுங்கள். இணையம் கிடைக்காவிட்டாலும் ஓட்டுநரிடம் காட்டலாம்.