பீன்யாவில் தொழில் தெரிந்தும் சம்பளம் ஏறாதது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கமிருந்து ஐடிஐ முடித்து பெங்களூருவின் தொழிற்பேட்டைகளான பீன்யாவுக்கோ பொம்மசந்திராவுக்கோ வருகிற பிள்ளைகளில் பலர் சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்) ஆபரேட்டராகத்தான் தொடங்குகிறார்கள். அதில் தவறில்லை. நாலைந்து வருடம் கழித்தும் அதே பட்டனை அழுத்திக்கொண்டிருப்பதுதான் தவறு. ஜாப்பைச் சக்கில் (மெஷினின் பிடியில்) மாட்டி, சைக்கிள் ஸ்டார்ட் அழுத்தி, சொன்ன அளவை மட்டும் பார்ப்பதைப் புது ஆளுக்குச் சில நாளில் பழக்கிவிடலாம். அந்த வேலைக்கு எத்தனை வருட அனுபவம் சொன்னாலும் முதலாளி பெரிதாக ஏற்றித் தரமாட்டார். செட்டிங் தெரிந்தவர் ஒருநாள் வராவிட்டால் மெஷின் நிற்கும். சம்பளம் அங்கேதான் ஏறுகிறது.

செட்டிங் என்றால் சாஃப்ட் ஜாவை (ஜாப்பைப் பிடிக்கும் தாடையை) ஜாப்புக்கு ஏற்ப போர் பண்ணுவது, டூலைத் தொடவைத்து அதன் அளவை மெஷினுக்குச் சொல்லும் டச்-ஆஃப் எடுப்பது, ஜி54-இல் ஜாப்பின் ஜீரோ வைப்பது, முதல் பீஸை அளந்து வேர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்துக்கான திருத்த எண்ணில்) திருத்துவது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் செட்டர் பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொள்ளும்போது பெரும்பாலும் பிசகுவது ஆஃப்செட்டில்தான். டர்னிங்கில் வெளிவிட்டம் 25.00 வேண்டிய இடத்தில் 25.03 வந்தால், எக்ஸ் ஆஃப்செட்டில் மைனஸ் 0.03. ஃபேனக் கம்பெனி கன்ட்ரோலில் அதை ‘பிளஸ் இன்புட்’ அழுத்திச் சேர்க்க வேண்டும். வெறும் ‘இன்புட்’ அழுத்தினால் ஏற்கெனவே இருந்த எண் அழிந்து புது எண் மட்டும் நிற்கும், அடுத்த பீஸ் ஸ்கிராப். ஒரு பூஜ்ஜியத்தை விட்டு 0.3 என்று போட்டாலும் அதே கதி.

அடுத்தது அளவெடுப்பு. டிராயிங்கில் 25 எச்7 (எச்7 என்பது துளைக்கான டாலரன்ஸ் குறி) என்று இருந்தால் துளை 25.000-இலிருந்து 25.021 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். மொத்த இடைவெளியே 0.021. 0.02 வரை மட்டும் காட்டும் வெர்னியரால் அதைத் தீர்மானிக்க முடியாது. போர் கேஜோ பிளக் கேஜோ வேண்டும். வேலைக்கு எடுக்கும் முன் வைக்கும் டிரேட் டெஸ்டில் டிராயிங்கை நீட்டி “எதில் அளப்பாய்?” என்று கேட்கும்போது வெர்னியர் என்று சொன்னால், அதற்கு மேல் சம்பளம் பேச இடமில்லை. கன்ட்ரோலரின் பெயர், ஓட்டிய மெட்டீரியல் (இஎன்8, எஸ்எஸ்304 என்று), பிடித்த டாலரன்ஸ் (அளவில் அனுமதித்த இடைவெளி) மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். “ஆறு வருட அனுபவம்” என்பதைவிட அந்த நோட்டு அதிகம் பேசும்.

செட்டிங்கே தெரியாமல் கடன் வாங்கி கேட்-கேம் (கம்ப்யூட்டரில் டிராயிங் போட்டு புரோகிராம் எடுக்கும்) சாஃப்ட்வேர் கோர்ஸில் சேருவதும் வீண். டூல் எங்கே இடிக்கும் என்று அறியாதவர் எழுதும் புரோகிராமை எந்த ஷாப்பும் நம்பி ஓட்டாது. செட்டிங் கைவந்த பிறகு ராஜாஜிநகர் ஜிடிடிசி (அரசு டூல் ரூம் பயிற்சி மையம்) போன்ற இடங்களில் விசாரியுங்கள்.

இனி காசுக் கணக்கு. “பிடித்தம் வேண்டாம், கையில் கொடுங்கள்” என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் உள்ளவருக்கு ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. உங்கள் பங்கு வெறும் 0.75 சதவீதம். பிரஸ்ஸில் விரல் நசுங்கி வீட்டில் இருக்க நேர்ந்தால் ஊதியத்தில் 90 சதவீதம் அதிலிருந்து வரும். ரொக்கச் சம்பளக்காரருக்கு அன்று யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பிஎஃப் என்ற சேமநிதியில் நீங்கள் கட்டும் 12 சதவீதத்துக்கு இணையாக முதலாளியும் கட்டுகிறார், அவர் கட்டும் 12-இல் 8.33 பென்ஷனுக்குப் போகிறது. பென்ஷன் கிடைக்க 10 வருட சர்வீஸ் வேண்டும். கம்பெனி மாறும்போதெல்லாம் பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த சர்வீஸ் போய்விடும். பழைய யுஏஎன் எண்ணையே (பிஎஃப்-க்கான உங்கள் நிரந்தர எண்) புது இடத்தில் கொடுத்து டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள்.

ஓ.டி.க்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம். மாதம் 15,600 வாங்குபவருக்கு 26 நாள், 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 75 ரூபாய், ஓ.டி.க்கு 150. தினம் இரண்டு மணி நேர ஓ.டி.யை ஒற்றைச் சம்பளக் கணக்கில் செய்தால் மாதம் 3,900 ரூபாய் கைவிட்டுப் போகிறது. ஆயிரம் ரூபாய் கூடுதல் என்று பக்கத்து ஷாப்புக்குத் தாவும் முன் அங்கே ஓ.டி. எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். விலகும்போது கிடைக்கும் பணிக்கொடையான கிராச்சுவிட்டியையும் பாருங்கள். ஐந்து வருடம் முடிந்தால், கடைசி பேசிக்கும் டிஏவும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான தொகை. பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 13,000 என்றால் வருடத்துக்கு 7,500, ஆறு வருடத்துக்கு 45,000. நாலரை வருடத்தில் அவசரப்பட்டு விலகுவதற்கு முன் இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

வெல்டர்களுக்கு ஒன்று. 6ஜி (சாய்ந்து நிற்கும் பைப்பைச் சுற்றி வெல்டிங் செய்யும்) டெஸ்ட் பாஸ் செய்த சான்றிதழை மட்டும் பத்திரப்படுத்தினால் போதாது. ஏஎஸ்எம்இ என்ற அமெரிக்கப் பொறியாளர் அமைப்பின் விதிப்படி ஒரு புராசஸில் (டிக், மிக் போன்ற வெல்டிங் முறையில்) ஆறு மாதம் வெல்டிங் செய்யாவிட்டால் அந்தத் தகுதி காலாவதி. டிக் கற்றவர் மிக் வேலையிலேயே தங்கிவிட்டால், இடையில் டிக் ஜாப் கேட்டு வாங்கிச் செய்து, அதை கம்பெனி பதிவேட்டில் ஏற்றச் சொல்ல வேண்டும்.

வளைகுடா வேலை என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் பணம் கட்டாதீர்கள். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஏஜென்ட்டின் பதிவு எண்ணை அரசின் இ-மைகிரேட் (eMigrate) தளத்தில் சரிபார்த்த பிறகே பாஸ்போர்ட்டைக் கையில் கொடுங்கள்.