புலியா, சிறுத்தையா, பூனையா? மலையகத்தில் உயிரினங்களை அடையாளம் காணும்போது நேரும் தவறுகள்

கொழுந்து பறிக்கும்போது கானுக்குள் (தேயிலைக்கு இடையில் ஓடும் வடிகாலுக்குள்) இரண்டு குட்டிகள் கிடப்பதை யாரோ பார்க்கிறார். "புலிக்குட்டி!" என்று ஒரு குரல். கொஞ்ச நேரத்தில் அந்த மலையில், அதாவது அந்தத் தேயிலைப் பகுதியில், வேலை செய்த எல்லோரும் கூடிவிடுகிறார்கள். ஒருவர் குட்டியைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் படம் எடுக்கிறார். மாலைக்குள் அந்தப் படம் தோட்டம் தோட்டமாகப் போய்விடுகிறது.

இன்றைய இலங்கைக் காடுகளில் புலியே கிடையாது. பூனைக் குடும்பத்தில் இங்கே காட்டில் இருப்பவை நான்குதான்: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துரும்பன் பூனை. எங்கள் வீட்டில் அம்மா சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வார். அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். அது நம்முடைய பேச்சு வழக்கு. ஆனால் அந்தச் சொல்லை அப்படியே செய்தியிலும் பதிவேட்டிலும் பாடசாலைச் செயற்றிட்டத்திலும் எழுதும்போதுதான் குழப்பம் வருகிறது. இந்தியக் காட்டுப் புலியைப் பற்றிக் கேட்டதெல்லாம் நம் ஊர்ச் சிறுத்தையின் தலையில் ஏறிவிடுகிறது. பயம் கூடுகிறது, சுருக்குக் கம்பியும் கூடுகிறது.

குட்டி விஷயத்தில் தவறு இன்னும் எளிதாக நடக்கும். மீன்பிடிப் பூனையின் குட்டியும் புள்ளி போட்டதுதான். ஆனால் அதன் புள்ளிகள் நிரம்பிய கரும்புள்ளிகள். உடம்பின் நீளவாக்கில் வரிசையாக ஓடும். நெற்றியிலிருந்து பிடரி வரை கருங்கோடுகள் தெரியும். வால் கட்டையாக இருக்கும். வளர்ந்த சிறுத்தைக்கு நடுவில் வெளிறிய பூப்போன்ற வளையங்கள் இருக்கும், வால் நீளம். சின்னக் குட்டியில் வளையம் தெளிவாக விழுந்திருக்காது என்பதால் புள்ளியை மட்டும் நம்பாமல் வாலையும் நெற்றியையும் பாருங்கள். எட்ட நின்றே பாருங்கள்.

நிறத்தை வைத்து இனம் பிரிப்பது அடுத்த தவறு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் சிக்கி, சிகிச்சை கொடுத்தும் பிழைக்காமல் போனது. அப்போது அதைத் தனி விலங்கு போலப் பலர் பேசினார்கள். அது தனி இனமில்லை, துணையினம்கூட இல்லை. மற்றச் சிறுத்தைகளைப் போலவே அதுவும் பந்தேரா பார்டுஸ் கொட்டியா என்ற இலங்கைச் சிறுத்தைதான். கருமையைக் கொடுக்கும் பரம்பரையலகு தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் சேர்ந்து வந்தால் குட்டி கறுப்பாகப் பிறக்கும். கூடப் பிறந்தது வழக்கமான மஞ்சளாகவே இருக்கலாம். வெயில் படும்போது கறுப்பு மயிருக்குள்ளும் அந்த வளையங்கள் தெரியும்.

இந்த மாதிரித் தவறைச் செய்தவர்கள் நாம் மட்டுமில்லை. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1753இல் தேயிலையை ஒரே இனமாகத்தான் எழுதினார். 1762இல் அதையே இரண்டாகப் பிரித்து, கறுப்புத் தேயிலைக்கு ஒரு செடி, பச்சைத் தேயிலைக்கு இன்னொரு செடி என்று தனித்தனிப் பெயர் கொடுத்தார். பூவிதழ்களின் எண்ணிக்கை வேறுபடுகிறது என்பது அவர் காட்டிய காரணம். 1840களில் சீனத் தோட்டங்களுக்கே போய்ப் பார்த்த ராபர்ட் ஃபார்ச்சூன், இரண்டும் ஒரே செடியிலிருந்து வருகிறது என்று எழுதினார். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்த எவருக்கும் இது புதினமில்லை. வாட்டி, அரைத்து, காற்றுப் பட நிறம் மாற விட்டால் கறுப்புத் தேயிலை. தொடக்கத்திலேயே சூடு காட்டி அந்த மாற்றத்தை நிறுத்தினால் பச்சைத் தேயிலை. செய்முறையில் உள்ள வேறுபாட்டைச் செடியின் வேறுபாடாக நினைத்ததுதான் அங்கே நடந்த பிழை.

இதே பிழை இன்றைக்கும் வேறு உருவத்தில் நடக்கிறது. "சீனத் தேயிலை ஓர் இனம், அசாம் தேயிலை ஓர் இனம், வி.பி. இன்னோர் இனம்" என்று பிள்ளைகள் கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். சீனச் செடியும் அசாம் செடியும் கமெலியா சினென்சிஸ் என்ற ஒரே இனத்தின் இரண்டு பேதங்கள். இலை அளவும் குளிர் தாங்கும் பலமும் வேறு, ஆனால் ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கும். விதை போட்டு உண்டான பழைய மலைகளில் ஒரு செடி போல இன்னொரு செடி இல்லாதது அதனால்தான். வி.பி. என்பது இனமே இல்லை; கன்று உண்டாக்கும் முறை. நல்ல தாய்ச்செடி ஒன்றிலிருந்து துண்டு வெட்டி வேர்பிடிக்க வைப்பது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்த டி.ஆர்.ஐ. 2025 என்ற வகை மலை முழுக்க நின்றாலும், அத்தனையும் ஒரு தாய்ச்செடியின் பிரதிகள்தான்.

சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் சாதி என்பது மேலே, இனம் என்பது அதற்குள். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அவையே பேரினம், சிற்றினம் என்று வரும். இரண்டையும் கலந்து "இந்தச் சிற்றினம் இந்தச் சாதியில்" என்று எழுதினால் வாசிப்பவர் தடுமாறுவார். ஏதாவது ஒரு முறையைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, உயிர் போகக்கூடிய தவறுக்கு வருவோம். "விரியன்" என்ற பின்னொட்டை நம்பாதீர்கள். கட்டுவிரியன் பெயரில்தான் விரியன். உறவில் அது நாகத்தின் குடும்பம். கண்ணாடி விரியன் உண்மையான விரியன். நம் மலைகளில் அடிக்கடி காலடியில் கிடப்பது கோப்பி விரியன். மூக்கு நுனி மேல்நோக்கித் தூக்கியிருக்கும், சருகு நிறம், கையளவு நீளத்தில் சுருண்டு கிடக்கும். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. பாம்பின் பெயரில் மட்டும் கோப்பி தங்கிவிட்டது. இதுவும்கூட ஒரே இனமில்லை. இலங்கையில் ஹிப்னேல் சாதியில் மூன்று இனங்கள் இருக்கின்றன, அதில் இரண்டு வேறெங்கும் இல்லாதவை.

இதில் ஏன் கவனம் வேண்டும் என்றால், ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் இந்திய விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் எதிராகச் செய்யப்பட்டது. கோப்பி விரியன் அதில் இல்லை. அதன் கடி சில வேளை சிறுநீரகத்தைப் பாதிக்கும். கடித்தது கண்ணாடி விரியன் என்று யாராவது தவறாகச் சொல்லி அந்த மருந்தை ஏற்றினால், பலன் இல்லாமல் ஒவ்வாமை மட்டும் வரக்கூடும். ஆகவே தெரியாத பாம்புக்குப் பெயர் சொல்லாதீர்கள். பார்த்ததைச் சொல்லுங்கள்: நீளம், நிறம், எங்கே கிடந்தது, எத்தனை மணி. முடிந்தால் எட்ட நின்று ஒரு படம். பாம்பைப் பிடிக்கவோ அடித்துக் கொண்டுபோகவோ வேண்டாம், கடிபட்டவரைத் தாமதிக்காமல் கொண்டுபோங்கள்.

மறுபக்கத்தில், மரக்கறித் தோட்டத்தில் மண் கொத்தும்போது வரும் அந்தச் சின்ன மண்பாம்பு. மண்புழு தின்று வாழும் அப்பாவி, மத்திய மலைநாட்டுக்கே உரியது. சிறு வயதில் விரியன் குட்டி என்று நினைத்து நாங்கள் எத்தனையோ அடித்திருக்கிறோம். இன்றைக்கு அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

ஓணான்களில் இரண்டு வகைத் தவறும் நடக்கும். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் மூக்கில் கொம்புள்ள ஓணானைப் பார்க்கலாம். ஆணின் கொம்பு நீளம், பெண்ணுக்குக் கட்டை. அதை வைத்து இரண்டு இனம் என்று எண்ணிவிடுவார்கள். வாலால் கிளையைப் பற்றிக்கொண்டு மெதுவாக நகரும் குள்ள ஓணானில் நடந்தது இதற்கு நேர்மாறு. மத்திய மலைகளில் இருப்பதும் நக்கிள்ஸ் மலையில் இருப்பதும் ஒன்றென்றே நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். 2006இல்தான் நக்கிள்ஸில் இருப்பது கொஃபோட்டிஸ் தும்பரா என்று தனி இனமானது. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இடையில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தால், எந்த மலையில் பார்த்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். ஆனால் துல்லியமான இடத்தை முகநூலில் போட வேண்டாம். இந்த ஓணான்களை வெளிநாட்டுக்குக் கடத்தி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் 2019இல் இவற்றைச் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்களில் சேர்த்தார்கள்.

அப்புறம் அந்தக் குட்டிகள். தாய் வேட்டைக்குப் போகும்போது மறைத்துவிட்டுப் போன குட்டிகளாகவே அவை பெரும்பாலும் இருக்கும். சிறுத்தையோ மீன்பிடிப் பூனையோ, தொடாமல், அந்தக் கானை விட்டு எல்லோரும் விலகி, வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லிவிட்டால் போதும். ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு தாய் வந்து தூக்கிப்போகும். அன்றைக்குக் கொழுந்தை வேறு மலைக்கு மாற்றிவிட வேண்டும். எடை குறைந்தது என்று அந்தப் பெண்களுக்கு அரைப் பேர் (அரைநாள் சம்பளம்) போடக்கூடாது.