ஈ பிசி 701: நினைவகத்தை மாற்றுவதும் உத்தரவாதமும்

2007-இல் ஆசுஸ் வெளியிட்ட ஈ பிசி 701 என்னும் 7 அங்குலச் சிறு மடிக்கணினியின் 4ஜி (4 ஜிபி சேமிப்பிடம் கொண்ட) வகையில் 512 எம்பி நினைவகமே இருந்தாலும், அடிப்புற மூடிக்குள் உள்ள ஒற்றைச் செருகிடத்தில் 200 பின் கொண்ட வேறொரு டிடிஆர்2 வகை நினைவக அட்டையைப் பொருத்தலாம். மின்னிணைப்பைத் துண்டித்து, பேட்டரியையும் கழற்றிய பின்னரே திருகுகளைத் தொட வேண்டும். இருபக்கக் கொக்கிகளை விலக்கினால் பழைய அட்டை மேலெழும். புதியதைச் சாய்வாகச் செருகி, கொக்கிகள் பூட்டும் வரை மெல்ல அழுத்த வேண்டும்.

திருகின் மேலுள்ள முத்திரைத்தாள் கிழிந்தால் உத்தரவாதம் போய்விடும் என்ற அச்சம், அமெரிக்காவைப் பொறுத்தவரை, பெரிதும் மிகையானது. அங்கு 1975-இன் மாக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டத்தைச் சுட்டி, இத்தகைய முத்திரை நிபந்தனைகள் பொதுவாகச் சட்டத்திற்குப் புறம்பானவை என்று கூட்டாட்சி வணிக ஆணையம் 2018-இல் நிறுவனங்களை எச்சரித்தது. ஆயினும், பொருத்தும்போது நாமே உண்டாக்கும் சேதத்திற்கு அந்தச் சட்டம் துணை நிற்காது. பழைய அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து, பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் அதையே மீண்டும் பொருத்துவது வீண் வாக்குவாதத்தைத் தவிர்க்கும்.