வயிறு கெட்ட குட்டியை அதட்டாதீர்கள்: கழிப்பிடப் பழக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடுகு எங்கள் வீட்டுக்கு வந்தபோது எட்டு வார நாய்க்குட்டி. மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் தாயோடும் உடன்பிறந்த ஐந்து குட்டிகளோடும் ராகிக் களியும் குழைந்த சோறும் தின்று வளர்ந்தவன். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேல் இரண்டு பழுப்புப் பொட்டு. கோத்தகிரி மலைப்பாதையில் ஏறும்போதே என் மடியில் வாந்தி எடுத்தான். கடையில் வாங்கி வைத்திருந்த டாக் ஃபுட்டை அன்றைக்கு ராத்திரியே கிண்ணம் நிறையப் போட்டோம். ஆசையாகத் தின்றான். மூன்றாம் நாள் விடியும்போது கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், கூடத்துச் சணல் மிதியடியில், கட்டிலுக்கு அடியில் என்று மூன்று இடத்தில் தண்ணீராகப் போயிருந்தான். நான் போட்ட சத்தத்தில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போய் ஒண்டிக்கொண்டு நடுங்கினான்.

பேதியாகும் குட்டியை அதட்டியது என் தவறு. உணவை ஒரே ராத்திரியில் மாற்றியதும் எங்கள் தவறுதான். இந்த இரண்டையும் மலையில் பல வீடுகளில் பார்க்கிறேன். குட்டி கீழே சமவெளியில் ஒரு வீட்டிலிருந்து வருகிறது; தண்ணீர், குளிர், சாப்பாடு எல்லாம் ஒரே நாளில் மாறுகிறது; வயிறு கெடுகிறது; வீட்டுக்குள் போகிறது; அடி வாங்குகிறது. வயிறு சரியாகும்வரை பழக்கம் வராது என்பதை மட்டும் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வழிக்கு வரும்.

அதட்டினால் என்ன ஆகும்

இரண்டு மாதக் குட்டியால் விழித்திருக்கும்போது சுமார் இரண்டு மணி நேரம்தான் அடக்க முடியும். மாதக் கணக்கோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அதிகபட்சம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அதுகூட வயிறு நன்றாக இருக்கும் குட்டிக்கு. பேதி என்றால் வளர்ந்த நாயாலேயே அடக்க முடியாது.

திட்டு வாங்கிய குட்டிக்கு ‘வீட்டுக்குள் போகக் கூடாது’ என்பது புரிவதில்லை. ‘இவர் பார்க்கும்போது போனால் ஆபத்து’ என்பதுதான் புரிகிறது. அதனால் கட்டிலுக்கடியில் மறைந்து போகப் பழகுகிறது. நாம் கயிற்றோடு வெளியே கூட்டிப்போனால் நம் எதிரில் போகப் பயந்து நிற்கிறது. “வெளிய அரை மணி நேரம் சும்மா நிக்குது, உள்ள வந்த ஒடனே போகுது, வேணும்னே பண்ணுது” என்று சொல்பவர்கள், முன்பு எப்போதாவது அதை அடித்தோமா என்று யோசித்துப் பாருங்கள். மூக்கைக் கொண்டுபோய் மலத்தில் தேய்ப்பது இன்னும் மோசம். பேதியை உண்டாக்கிய கிருமியே திரும்ப வாய்க்குள் போகிறது.

வீட்டுக்குள் போவதைக் கண்ணால் பார்த்தால், சத்தம் போடாமல் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள். மீதியை அங்கே முடித்தால் அந்த நொடியே கொஞ்சுங்கள். இரண்டு நிமிடம் கழித்துக் கொஞ்சினால் எதற்கு என்று அதற்குத் தெரியாது. போன பிறகு பார்த்தீர்கள் என்றால் துடைப்பதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

சாப்பாட்டை மாற்றுவதில்தான் பாதித் தவறு

புதுக் குட்டிக்கு முதல் ஒரு வாரம் பழைய வீட்டில் என்ன தின்றதோ அதையே கொடுங்கள். வாங்கும்போதே கேட்டு வையுங்கள்: எத்தனை வேளை, என்ன சாப்பாடு, எவ்வளவு. பிறகு புதியதில் கால் பங்கு, பழையதில் முக்கால் பங்கு கலந்து இரண்டு மூன்று நாள். அது ஒத்துக்கொண்டால் பாதிக்குப் பாதி. அப்புறம் முக்கால் பங்கு புதியது. முழுதாக மாற 7 முதல் 10 நாள் ஆகும். குடலில் இருக்கும் நுண்ணுயிர்களும் செரிமான நீரும் புதுச் சாப்பாட்டுக்குப் பழக அவ்வளவு நாள் வேண்டும். நடுவில் மலம் இளகினால் ஒரு படி பின்னால் போங்கள்.

வயிறு கெட்டதும் பதறிப்போய்த் தினம் ஒரு சாப்பாடு மாற்றுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. திங்கட்கிழமை பாக்கெட், செவ்வாய் பால் சோறு, புதன் கோழி, வியாழன் வேறு பாக்கெட். எது ஒத்துக்கொள்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தோட்டத்தில் இலை பறிக்கப் போகிறவர், கடுகுமேல் கொள்ளைப் பிரியம். ஒரு தம்ளர் பாலோடு வந்து நின்றார். “பச்சப் புள்ளைக்குப் பால் குடுக்காம வேற என்ன கண்ணு குடுக்குறது?” என்றார். தாய்ப்பாலை விட்ட குட்டிகளுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துகொண்டே போகும். செரிக்காத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பேதி கூடும். இதைச் சொன்னதும் அவரே கேட்டுக்கொண்டார். மறுநாள் பாலுக்குப் பதிலாகப் பழைய சணல் சாக்கு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அதன் உபயோகத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வயிறு கெட்டால் இரண்டு மூன்று நாளைக்கு நன்றாகக் குழைந்த சோறும், தோலும் எலும்பும் எடுத்து வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழியும் போதும். வேண்டுமானால் ஒரு ஸ்பூன் வேகவைத்த பரங்கிக்காய் மசித்துச் சேருங்கள். உப்பு, மசாலா, எண்ணெய் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும், கறிக்குழம்பிலிருந்து கழுவி எடுத்த துண்டில்கூட அவை இறங்கியிருக்கும். ஒரு நாள் சாப்பாட்டை நான்கு ஐந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். இதையே மாதக் கணக்கில் கொடுக்கக் கூடாது, வளரும் எலும்புக்கு இதில் சத்து போதாது.

“ஒரு நாள் பட்டினி போடு, சரியாயிடும்” என்பது வளர்ந்த நாய்க்குச் சொல்லும் யோசனை. குட்டி பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் துவண்டுவிடும். அதைவிட ஆபத்து, மூத்திரம் போகக் கூடாது என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைப்பது. பேதியில் உடம்பு வறண்டுகொண்டிருக்கும் நேரம் அது. நம் குளிரில் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். குட்டி ஒரு வாய் வைத்துவிட்டு விலகிவிடும். வெதுவெதுப்பாக வையுங்கள், குடிக்கும்.

பழக்குவதற்குக் கொடுக்கும் பரிசும் சாப்பாடுதான் என்பது நிறையப் பேருக்குத் தோன்றுவதில்லை. சோறும் கோழியும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டு, வெளியே போனதற்குப் பாராட்டாக வர்க்கியில் ஒரு துண்டு, பிஸ்கட்டில் ஒரு துண்டு. வர்க்கி முழுக்க மைதாவும் கொழுப்பும். ஒரு நாளைக்கு எட்டு முறை வெளியே போகும் குட்டிக்கு எட்டுத் துண்டு. பேதி எப்படி நிற்கும்? வேகவைத்த கோழியிலேயே நகக்கண் அளவு கிள்ளி ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட் மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டுக்கு வீடு ஹோம்மேட் சாக்லேட் இருக்கும். அதில் உள்ள தியோப்ரோமின் நாய்க்கு விஷம், கறுப்பு சாக்லேட்டில் அது இன்னும் அதிகம்.

மலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று: மூடுபனிக் காலத்தில் அப்பளம் ஒரு மணி நேரத்தில் நமுத்துப்போகிறதே, பிரித்து வைத்த டாக் ஃபுட்டுக்கும் அதே கதிதான். நமுத்ததில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்ததைத் தின்றால் மறுபடியும் வயிறு கெடும். இறுக்கமான டின்னில் போட்டு வையுங்கள். வாடை மாறியிருந்தால் காசு பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு

‘குட்டி முனகினால் எந்த நேரமானாலும் தோட்டத்துக்குக் கூட்டிப் போ’ என்பது பட்டணத்துக்குச் சரி. கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் சிறுத்தை நாயைத் தேடி வீட்டு வாசல்வரை வரும். கரடி வரும், காட்டுமாடு வேலியோரம் படுத்திருக்கும். பேதியான குட்டி ராத்திரியில் மூன்று நான்கு முறை போகும். ஒவ்வொரு முறையும் தேயிலைச் செடி ஓரம் இருட்டில் நிற்பது உங்களுக்கும் நல்லதல்ல, குட்டிக்கும் நல்லதல்ல.

அக்கா கொடுத்த சாக்கு இங்கேதான் கைகொடுத்தது. அகலமான பிளாஸ்டிக் தட்டில் சாக்கை விரித்து, பகலில் கடுகு போகும் அதே இடத்திலிருந்து புல்லோடு வெட்டிய மண்கட்டியை அதன்மேல் வைத்து, கம்பிக் கதவு போட்ட பின்வராந்தாவில் வைத்தோம். குட்டிகள் சின்ன வயதில் காலுக்கு எந்தத் தரை படுகிறதோ அதையே கழிப்பிடமாகப் பழகிக்கொள்ளும். புல்லில் பழகியது புல்லைத் தேடும், மிதியடியில் பழகியது மிதியடியைத் தேடும். அதனால் பேதி நிற்கும்வரை வீட்டிலுள்ள மிதியடி, பாய், தரைவிரிப்பு எல்லாவற்றையும் சுருட்டி மேலே போட்டுவிடுங்கள்.

பகலில் தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட பத்து இருபது நிமிடத்திலும் வெளியே கூட்டிப் போங்கள். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும், அதனால் இந்தக் கணக்கு பெரும்பாலும் தவறாது. பேதி இருக்கும்போது இடையிலும் மணிக்கு ஒரு முறை. அவசரப்பட்டு உள்ளே கூட்டி வராதீர்கள். பெருங்குடல் புண்ணாகியிருந்தால் சளிபோலக் கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கிப் போகும். ஒரு முறை போனதும் முடிந்தது என்று தூக்கி வந்தால் மீதி கூடத்தில்தான். இன்னும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கடுகு மூக்கைத் தரையில் ஒட்டிக்கொண்டு வட்டம் போடுவான், வட்டம் சுருங்கும், வால் அடிப்பக்கம் விறைக்கும், பிறகுதான் உட்காருவான். அந்த வட்டம் நின்று, தலையைத் தூக்கி நம் முகத்தைப் பார்த்தால் முடித்துவிட்டான் என்று அர்த்தம்.

தைலம் போட்டுத் துடைக்காதீர்கள்

நீலகிரியில் யூகலிப்டஸ் தைலம் இல்லாத வீடு ஏது? நாற்றம் போக வாளித் தண்ணீரில் நாலு சொட்டு விடுவது நம் வழக்கம். குட்டி அந்தத் தரையில் நடந்து காலை நக்கும். தைலம் நாயின் வயிற்றுக்குள் போனால் எச்சில் ஒழுகும், வாந்தி வரும், பேதி கூடும். ஃபினாயிலும் அப்படித்தான். முதலில் அள்ளி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக அலசி, நாற்றம் இருந்தால் தண்ணீர் கலந்த வினிகரில் துடையுங்கள். வாடை மிச்சமிருந்தால் அதே இடத்துக்குத் திரும்ப வரும். பிளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு வரும்.

எல்லாப் பேதியும் சாப்பாட்டால் வருவதில்லை

இதை வேறு எதையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ‘தீவனம் மாத்தினோம், அதான்’ என்று நான்கு நாள் காத்திருந்து குட்டியைப் பறிகொடுத்தவர்களைத் தெரியும். உருண்டைப் புழு தாயின் வயிற்றிலிருந்தும் பாலிலிருந்தும் குட்டிக்கு வரும். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி வரும். எல்லாவற்றையும்விட, பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய் வரும். தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும், கடும் நாற்றத்தோடு ரத்தம் கலந்த பேதியும், சாப்பாட்டின்மேல் வெறுப்பும் சேர்ந்து வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். ஈறு வறண்டு ஒட்டுவது, பிடரித் தோலைத் தூக்கி விட்டால் மெதுவாக இறங்குவது, கூப்பிட்டால் தலை தூக்காதது, இதெல்லாம் தண்ணீர் வற்றியதன் அடையாளம். குட்டி சுறுசுறுப்பாகவே இருந்தாலும் ஒரு நாளுக்கு மேல் பேதி நீடித்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஹட்டியிலிருந்து, அதாவது மலைக் கிராமத்திலிருந்து, டவுனுக்குப் பஸ் பிடித்து வர நேரமாகும். காலையில் சந்தேகம் வந்தால் காலையிலேயே கிளம்புங்கள், சாயங்காலம்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சின்ன டப்பாவில் அன்றைய மலம் கொஞ்சம் எடுத்துப் போனால் புழுச் சோதனைக்கு உதவும். வீட்டில் இருக்கும் பேதி மாத்திரை, பாராசிட்டமால் எதையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

பார்வோ கிருமி மண்ணில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரணச் சோப்புக்குச் சாகாது. கழுவிய தரையில் ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3–4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம்வரை போகும். அது முடியும்வரை சந்தை மைதானம், பஸ் ஸ்டாண்டு ஓரம் போன்ற இடங்களில் கழிக்கப் பழக்காதீர்கள், உங்கள் வாசல் போதும்.

சரியான பிறகு

நாங்கள் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதி வந்தோம்: எத்தனை மணிக்குச் சாப்பிட்டான், எத்தனை மணிக்குப் போனான், எப்படி இருந்தது. ஆறாம் நாள் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, காலைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு பதிமூன்று நிமிடத்தில் போகிறான் என்று தெரிந்தது. அன்றிலிருந்து சிலிண்டருக்குப் பின்னால் ஒரு முறைகூடப் போகவில்லை.

மலம் கெட்டியாகி, கையில் எடுத்தால் தரையில் ஒட்டாமல் வரும் நிலைக்கு வந்தபின், மூன்று நாள் பொறுத்து, முன்பு சொன்ன கால், பாதி, முக்கால் கணக்கில் புதுத் தீவனத்தைத் தொடங்குங்கள். வீடு முழுவதையும் ஒரே நாளில் திறந்துவிடாதீர்கள். சமையலறை, ஒரு வாரம் கழித்துக் கூடம், அப்புறம் மற்ற அறை. வராந்தாத் தட்டையும் உடனே எடுத்துவிட வேண்டாம். ஐப்பசி மழையிலும் தை மாத உறைபனியிலும் நன்றாகப் பழகிய குட்டிகூட ஈரப் புல்லில் கால் வைக்காமல் வாசலிலேயே திரும்பிவிடும். சாக்கைத் துவைத்துக் காயவைத்து, தட்டில் புதுப் புல்கட்டி போட்டு வைத்திருங்கள்.