சுவாசக் கருவியின் தண்ணீர்க் குப்பியில் செய்யும் தவறுகள்

நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருவது), பைபாப் (முகமூடி வழியே காற்றை அழுத்தி மூச்சுக்கு உதவுவது), நெபுலைசர் (மருந்தைப் புகைபோல ஆக்கித் தருவது) வைத்திருக்கும் வீடுகளுக்குச் செவிலியராகப் போய்வருகிறேன். புதிதாகப் பொறுப்பேற்கும் பிள்ளைகளும் மருமகள்களும் முகமூடியைத் துடைக்கிறார்கள், கை கழுவுகிறார்கள். கோட்டை விடுவது, மூச்சுக்குப் போகும் காற்றை ஈரமாக்கக் குப்பியில் ஊற்றும் தண்ணீரில்.

குறைந்த தண்ணீருக்கு மேலேயே ஊற்றுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுள்ள பெரியவர். "தண்ணீர் குறையவே விடுவதில்லை சிஸ்டர்" என்றார் மகள். குப்பியைக் கழற்றி உள்சுவரில் விரலை ஓட்டினேன். படித்துறைப் பாசி போல வழுக்கியது. அப்பாவுக்கோ காய்ச்சல், பச்சைச் சளி. மருத்துவமனையில் நிமோனியா என்றார்கள். சளிப் பரிசோதனையில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. குப்பியிலிருந்துதான் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் அந்தக் குப்பியை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த வழுவழுப்பு, நுண்ணுயிர்கள் தாமே சுரந்து அதற்குள் பதுங்கி வாழும் படலம். புதுத் தண்ணீர் ஊற்றினால் கரையாது; தேய்த்தால்தான் போகும். சூடோமோனாஸுக்குச் சத்து அதிகம் தேவையில்லை. காய்ச்சி வடித்த நீரிலும் (டிஸ்டில்டு வாட்டர்) பெருகும். கான்சென்ட்ரேட்டர் குப்பியில் குமிழிகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் குழாய் வழியே மூக்குக்குப் போகக்கூடும். ஏற்கெனவே நைந்த நுரையீரல் அதைத் தாங்காது.

தினமும் மிச்சத்தைக் கொட்டுங்கள். சோப்புநீரில் தேய்த்து, நன்றாக அலசி, முழுக்க உலர்த்தி, காய்ச்சி வடித்த நீரைப் புதிதாக ஊற்றுங்கள். இரண்டு குப்பிகள் இருந்தால் ஒன்று காயும்போது மற்றது ஓடும். அந்தச் செலவுக்கு யோசிக்காதீர்கள்.

கிணற்று நீர், கேன் தண்ணீர்

வேண்டாம். காய்ச்சி வடித்த நீர் கிடைக்காத நாளில் கொதிக்கவைத்து ஆறிய நீர்.

ஈரக் குழாயைச் சுருட்டி வைப்பது

ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை. கொடியில் போட்ட துணியே காயாத நாட்களில் சுருட்டிய குழாய் எப்படிக் காயும்? தொங்கவிட்டு மின்விசிறியைப் போடுங்கள்.

நெபுலைசர் கிண்ணம்

மருந்தை நுண்துளியாக்கி நேரே நுரையீரலுக்கு அனுப்புவது இது. கிண்ணத்தில் கிருமி இருந்தால் அதுவும் கூடவே போகும். ஒவ்வொரு முறையும் பாகங்களைக் கழற்றிக் கழுவி, காற்றில் உலர்த்துங்கள். கையேடு அனுமதித்தால் தினமும் 5 நிமிடம் கொதிக்க வையுங்கள்.

குப்பியில் கிருமிநாசினி ஊற்றுவது

கூடவே கூடாது. அதன் ஆவியும் நுரையீரலுக்குத்தான் போகும்.

காய்ச்சல் வந்தபின் காத்திருப்பது

காய்ச்சல் வந்தாலோ, சளியின் நிறம் மாறினாலோ, மூச்சுத்திணறல் கூடினாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் எந்தக் கருவி ஓடுகிறது, எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.